அத்தாவின் நோயை அத்தாவிடம் மறைக்கலாமா?

 



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அண்ணன் தம்பி இருவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார்கள். (அந்தக் குடும்பத்தாரின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். யார் என்று தேட வேண்டாம்.) மூத்தவர் பேசினார்.

"ஹஜ்ரத், அத்தாவை திருச்சிக்குக் கூட்டிட்டுப் போய் நரம்பு டாக்டர்கிட்ட காட்டினோம். ஸ்கேன் எல்லாம் எடுத்தாங்க. டிமென்ஷியா ஆரம்பிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. அத்தாவை வெளிய உக்கார வெச்சிட்டு எங்ககிட்ட மட்டும் சொல்லுங்கன்னு நாங்கதான் கேட்டுக்கிட்டோம். இப்ப அத்தா தினமும் கேக்குறாங்க, ரிப்போர்ட்ல என்ன வந்துச்சுன்னு. பிரஷர் கொஞ்சம் கூடுதலா இருக்கு, வேற ஒன்னுமில்லன்னு சொல்லி வெச்சிருக்கோம். இது பொய்யாகுமா? மார்க்கத்துல இதுக்கு அனுமதி இருக்கா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாமல் அல்ல. இதே கேள்வியில் நான் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருக்கிறேன். அதை முதலில் உங்களிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் இமாமாக இருந்தேன். அங்கே முதல் ஸஃப்பில் எப்போதும் ஒரு பெரியவர் இருப்பார். ஊர்மக்கள் நகை, பணம் எதுவாக இருந்தாலும் அமானிதமாக அவரிடம்தான் கொடுத்து வைப்பார்கள். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. அவருடைய நினைவுதான் கணக்குப் புத்தகம். ஒரு நாள் லுஹருக்குப் பின் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்: "ஹஜ்ரத், எனக்கு என்னமோ ஆகிட்டு இருக்கு. வீட்ல என்னை வெச்சிக்கிட்டே ரகசியம் பேசுறாங்க. டாக்டர் என்ன சொன்னார்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அவருடைய மகன் முந்தின வாரமே என்னிடம் சொல்லி, "அத்தாகிட்ட மூச்சு விட்றாதீங்க" என்று வாக்கும் வாங்கியிருந்தார். நான் சிரித்துக்கொண்டே, "ஒன்னுமில்ல ஹாஜியார். வயசானா எல்லாருக்கும் வர்ற மறதிதான். நேத்து நான்கூட சாவிய எங்க வெச்சேன்னு அரை மணி நேரம் தேடினேன்" என்றேன். அவர் என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து, கணவனை இழந்த ஒரு பெண் பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றாள். மகள் கல்யாணத்திற்காகச் சேர்த்த பதினொரு பவுனை ஹாஜியாரிடம் கொடுத்து வைத்திருந்தாளாம். கேட்கப் போனால் "நீ யாரும்மா?" என்று கேட்கிறாராம். மகன்கள் பீரோ, பெட்டி, பரண் எல்லாம் தேடினார்கள். எங்கும் இல்லை. அந்த மகன்கள் நல்லவர்கள். சாட்சியே இல்லாத பேச்சை நம்பி, தங்கள் கையிலிருந்து ஐந்து பவுனுக்குப் பணம் கொடுத்தார்கள். மீதி ஆறு பவுன் மஹ்ஷரில் யார் கணக்கில் நிற்கப் போகிறது? அன்றைக்கு என் அறையில் அவர் கேட்டபோது நான் உள்ளதைச் சொல்லியிருந்தால், அவர் அன்று மாலையே வீட்டுக்குப் போய் யார் யாருடைய பொருள் எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர் அவர். அந்த ஆறு பவுனில் என் பங்கும் இருக்கிறது என்றுதான் நான் பயப்படுகிறேன்.

அருமைச் சகோதரர்களே! இது ஏதோ ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிடுகிறது. இந்த ஜும்ஆவுக்கு வந்திருக்கும் பெரியவர்களிலும் இருப்பார்கள், வீட்டில் இருக்கும் நம் உம்மாமார்களிலும் இருப்பார்கள். டிமென்ஷியா என்பது வெறும் வயோதிக மறதி அல்ல, மூளையைப் பாதிக்கும் நோய். அதில் பல வகைகள் உண்டு. அதிகம் காணப்படுவது அல்சைமர். ஒரே நாளில் ஆளை விழுங்கிவிடாது. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர் பேசுவார், யோசிப்பார், முடிவெடுப்பார், தொழுவார். தனக்குள் ஏதோ நழுவுகிறது என்பதும் பல நேரங்களில் அவருக்கே தெரியும். "சொல்லலாமா?" என்ற கேள்வி இந்தக் கட்டத்தைப் பற்றியதுதான்.

மறைப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் மறைப்பதில்லை. "சொன்னா இடிஞ்சு போயிடுவாங்க ஹஜ்ரத். சாப்பாட்டையே விட்டுடுவாங்க" என்கிறார்கள். அது இரக்கம். ஆனால் அதோடு இன்னொன்றும் கலந்திருக்கிறது என்பதை நாம் மறைக்க வேண்டாம். ஊருக்குத் தெரிந்துவிடுமே, பேத்திக்குச் சம்பந்தம் பேசும்போது "அவங்க வீட்ல மூளைக்கோளாறு" என்று சொல்வார்களே என்ற பயம். அத்தாவுக்குத் தெரிந்தால் அத்தா நாலு பேரிடம் சொல்லிவிடுவார். அதனால் அத்தாவுக்கே தெரியக்கூடாது.

கொஞ்சம் மார்க்கம் படித்தவர்கள் ஆதாரமும் சொல்வார்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் அவருடைய ஆயுள் விஷயத்தில் நம்பிக்கையூட்டுங்கள் என்ற கருத்தில் திர்மிதீயில் ஒரு ஹதீஸ் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியுள்ளனர். அது ஒருபுறம் இருக்கட்டும். நலம் விசாரிக்கப் போனவர் நல்ல வார்த்தை பேசி வர வேண்டும் என்பதை யார் மறுத்தார்கள்? நபி (ஸல்) அவர்கள் காய்ச்சலில் கிடந்த கிராமவாசியைப் பார்க்கச் சென்றபோதும் ஆறுதலான வார்த்தைதான் சொன்னார்கள். பார்க்க வந்தவர் ஆறுதல் சொல்வது வேறு. ஒரு மனிதர் தன் நோய் என்னவென்று நேராகக் கேட்கும்போது, வேறு நோயின் பெயரைச் சொல்லி அனுப்புவது வேறு. பொய்க்குச் சலுகை உள்ள இடங்களாக முஸ்லிமில் வரும் அறிவிப்பு மூன்றைத்தான் சொல்கிறது: போர், மக்களிடையே சமாதானம், கணவன் மனைவி பேசிக்கொள்வது. அந்தப் பட்டியலை நம் வசதிக்கு நீட்டிக்கொண்டே போகக் கூடாது.

இப்போது உமர் (ரலி) அவர்களின் கடைசி நாட்களைப் பாருங்கள். ஹிஜ்ரி 23. சுப்ஹுத் தொழுகையில் கத்தியால் குத்தப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வரப்பட்டார்கள். மருத்துவர் ஒருவர் பழரசம் புகட்டினார். அது காயத்தின் வழியே வெளியே வந்தது. இரத்தமா பழரசமா என்று தெளிவாகத் தெரியவில்லை. அன்ஸாரிகளில் பனூ முஆவியாவைச் சேர்ந்த இன்னொரு மருத்துவர் வந்து பால் புகட்டினார். பால் வெள்ளையாகவே காயத்திலிருந்து வடிந்தது. அந்த மருத்துவர் கலீஃபாவிடம் எதையும் மறைக்கவில்லை. வஸிய்யத் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். உமர் (ரலி) அவர்கள் கோபப்படவில்லை. இவர் என்னிடம் உண்மையைச் சொன்னார், வேறு விதமாகச் சொல்லியிருந்தால் இவரைப் பொய்யர் என்றிருப்பேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். முஸ்னது அஹ்மதில் இது பதிவாகியிருக்கிறது.

அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதை புகாரீயில் படியுங்கள். மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தன் கடனைக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். 86,000 அல்லது அதையொட்டி இருந்தது. அதை எங்கிருந்து எப்படி அடைப்பது என்று வழி சொன்னார்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஆளனுப்பி, நபியவர்களின் அருகில் அடக்கப்பட அனுமதி கேட்டார்கள். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். காயத்திலிருந்து பால் வடிந்துகொண்டிருந்த மனிதர் செய்த வேலைகள் இவை. அந்த மருத்துவர் "ஒன்னுமில்ல அமீருல் முஃமினீன், சீக்கிரம் குணமாயிடும்" என்று சொல்லியிருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

நோயைப் பற்றிய செய்தி நோயாளிக்குச் சொந்தமான பொருள். மருத்துவர் அதை மகன்களிடம் கொடுத்தால், மகன்களின் கையில் அது அமானிதம். உரியவரிடம் சேர்க்க வேண்டும். ரொக்கமாக இருந்தால் "அத்தாவுக்கு மனசு கஷ்டப்படும்" என்று நாமே வைத்துக்கொள்வோமா?

அதிலும் இந்த நோய் மற்ற நோய்களைப் போன்றதல்ல. புற்றுநோய்க்காரரிடம் இன்று மறைத்ததை ஆறு மாதம் கழித்துச் சொன்னாலும் அவருக்குப் புரியும். இங்கே ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துச் சொல்ல நினைத்தால் கேட்டு விளங்கிக்கொள்ளும் ஆள் அங்கே இல்லாமல் போகலாம்.

மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்ற ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். தூங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை. அபூதாவூதில் அலீ (ரலி) வழியாக வரும் ஓர் அறிவிப்பில், முதுமையால் புத்தி தடுமாறியவரும் சேர்த்துச் சொல்லப்படுகிறார். இது அல்லாஹ்வின் பெரிய ரஹ்மத். நினைவிழந்த பெரியவர் தொழாவிட்டாலும், நோன்பு வைக்காவிட்டாலும், வாயில் வந்ததைப் பேசினாலும் அவர் மீது குற்றமில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தை யோசித்தீர்களா? எழுதுகோல் உயர்த்தப்படப் போகிறது என்றால், இன்றைக்கு அது இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. தவ்பா இன்று செய்தால் எழுதப்படும். மன்னிப்பு இன்று கேட்டால் எழுதப்படும். கடனை இன்று அடைத்தால் எழுதப்படும். நாம் மறைக்கும்போது அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது ஒரு செய்தியை மட்டுமல்ல, அந்த எழுதுகோல் அசையும் கடைசி மாதங்களையும்தான். அந்த உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

இன்னொரு ஹதீஸ் இருக்கிறது. இந்த நோயாளிகளுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்குத் தெரிந்து இல்லை. ஓர் அடியார் நோயுற்றாலோ பயணம் போனாலோ, ஆரோக்கியமாக ஊரில் இருந்தபோது செய்துவந்த அமல் அவருக்கு எழுதப்படும் என்ற கருத்தில் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரீயில் இருக்கிறது. நாளை தஹஜ்ஜுத் என்ற சொல்லே மறந்துபோகலாம். அப்போதும் வழமையாகத் தொழுதுவந்த தஹஜ்ஜுத் எழுதப்படும் என்று நாம் ஆதரவு வைக்கிறோம். தன் நோய் என்னவென்று தெரிந்தவர், இந்த ஹதீஸைக் கேட்டால் இன்றிரவே எழுந்து நிற்பார். பிரஷர் என்று சொல்லி வைத்தால் மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

அடுத்து, வெட்கம். "எவ்வளவு குர்ஆன் ஓதின மனுஷன், அவருக்கா இது?" என்று கேட்கிறார்கள். குர்ஆன் ஓதுபவர் தள்ளாத வயதின் அறியாமைக்குத் தள்ளப்படமாட்டார் என்ற கருத்தில் இக்ரிமா (ரஹ்) அவர்களின் கூற்று ஒன்று தஃப்ஸீர்களில் வருவது உண்மை. அதை அல்லாஹ்வின் மீது நல்லெண்ணம் வைக்க எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் வீட்டுப் பெரியவரை அளக்கும் கோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மத்ரஸாவில் உஸூலுல் ஹதீஸ் படிக்கும்போது "முக்தலித்" என்று ஒரு பாடம் வரும். நம்பகமான அறிவிப்பாளராக இருந்து, கடைசிக் காலத்தில் நினைவு கலங்கியவர்களுக்கு அந்தப் பெயர். இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தமது முகத்திமாவில் 62ஆவது வகையாக இதையே தனியாக எழுதியிருக்கிறார்கள். அதாஉ பின் ஸாயிப், ஸயீத் பின் அபீஅரூபா போன்ற பெரிய பெயர்கள் அதில் உண்டு. வாழ்நாள் முழுவதும் ஹதீஸை நெஞ்சில் சுமந்தவர்கள் அவர்கள். இன்ன காலத்திற்கு முன் இவரிடம் கேட்டவர் அறிவித்தால் ஏற்போம், அதற்குப் பின் கேட்டதை ஏற்கமாட்டோம் என்று அறிஞர்கள் வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். யாரும் அதை அவமானமாகக் கருதவில்லை. நோய் வந்ததால் அதற்கு முந்தைய வாழ்க்கையைத் தூக்கி எறியவும் இல்லை.

பஸராவின் ஜரீர் பின் ஹாஸிம் (ரஹ்) அவர்களுடைய செய்தி இன்னும் நெருக்கமானது. ஹிஜ்ரி 170இல் வஃபாத்தானவர்கள். அவர்களுடைய மக்களும் ஹதீஸ் படித்தவர்கள். தகப்பனாரின் நினைவு கலங்குவதை உணர்ந்ததும், மாணவர்கள் வந்து அவரிடம் ஹதீஸ் கேட்காதபடி தடுத்துவிட்டார்கள். கலங்கிய நிலையில் அவரிடமிருந்து யாரும் எதையும் கேட்கவில்லை என்று அப்துர் ரஹ்மான் பின் மஹ்தீ (ரஹ்) சொல்கிறார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மக்கள் மறைத்தது நோயை அல்ல. நோய் என்னவென்பது உலகத்துக்கே தெரிந்து, இன்று நாம் படிக்கும் அளவுக்குப் பதிவாகிவிட்டது. தகப்பனாரின் வாயிலிருந்து அவரை அறியாமல் தவறான ஹதீஸ் வந்துவிடாமல் காத்தார்கள். அவர் வாழ்நாளெல்லாம் எதைப் பேணினாரோ அதையே அவருக்காகப் பேணினார்கள். பிள்ளைகளின் வேலை அதுதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. நோயின் பெயர் தெரிந்துவிட்டால் பெரியவர் சொல்வதையெல்லாம் "அத்தாவுக்கு மறதி" என்று ஒதுக்கிவிடுவது. ஸூரா யூஸுஃபில் யஃகூப் (அலை) அவர்கள், யூஸுஃபின் வாடையை உணர்கிறேன் என்கிறார்கள். எனக்குப் புத்தி மங்கிவிட்டதென்று நீங்கள் சொல்லாதிருக்க வேண்டுமே என்ற கருத்தில் சேர்த்தும் சொல்கிறார்கள் (12:94). அங்கே வரும் "துஃபன்னிதூன்" என்ற சொல்லின் மூலம் ஃபனத். முதுமையால் அறிவு தளர்வதற்கு அரபியில் அந்தச் சொல். அருகில் இருந்தவர்கள் அப்படியேதான் அவரை ஒதுக்கினார்கள். ஆனால் அந்த வீட்டில் உண்மையை அறிந்திருந்தவர் அந்த முதியவர் ஒருவர்தான். ஆகவே, நோயைச் சொல்லுங்கள் என்று நான் சொல்வது, சொன்ன கையோடு அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதற்காக அல்ல.

சரி, எப்படிச் சொல்வது? இதற்கு உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் போதும். குழந்தை இறந்துவிட்டது. கணவர் அபூதல்ஹா (ரலி) வெளியே போயிருக்கிறார். நானே சொல்கிறேன், வேறு யாரும் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது என்று வீட்டாரைத் தடுத்தார்கள். கணவர் வந்து குழந்தையைப் பற்றிக் கேட்டபோது, முன்பைவிட அமைதியாக இருக்கிறான் என்ற பொருளில் பதில் சொன்னார்கள். அது பொய்யல்ல. கேட்டவர் வேறு விதமாக விளங்கிக்கொண்டார். உணவு கொடுத்தார்கள், ஓய்வெடுக்கவிட்டார்கள். பிறகு, ஒருவர் இரவலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் மறுக்கலாமா என்று கேட்டு, அவர் வாயாலேயே பதில் வரவழைத்து, செய்தியைச் சொன்னார்கள். அபூதல்ஹாவுக்குக் கோபம் வந்தது. நபி (ஸல்) அவர்களிடம் போய்ச் சொன்னார். நபியவர்கள் அந்த இரவுக்காக இருவருக்கும் பரக்கத்தைக் கொண்டு துஆச் செய்தார்கள்.

உம்மு ஸுலைம் தள்ளிப்போட்டது ஓர் இரவு மட்டும். அடுத்த நாள் அவர் வெளியே புறப்படுவதற்குள் சொல்லிவிட்டார்கள். நாம் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு அந்த அம்மையாரை ஆதாரம் காட்டக் கூடாது. யார் சொல்வது என்று முடிவு செய்தார்கள், எப்போது என்று முடிவு செய்தார்கள், எந்த வார்த்தை என்று முடிவு செய்தார்கள். நாமும் அதைச் செய்யலாம். பெரியவர் யாரை அதிகம் நம்புகிறாரோ அவர் சொல்லட்டும். பல வீடுகளில் அது மூத்த மகனாக இருக்காது, மகளாக இருக்கும். பொழுது சாய்ந்தால் இந்த நோயாளிகள் பலருக்குக் குழப்பம் கூடும். அதனால் காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில். கூட்டமாக உட்கார்ந்து பஞ்சாயத்துப் போலச் சொல்லாதீர்கள். "பைத்தியம்", "மூளை போச்சு" என்ற வார்த்தைகள் நாவில் வரவே கூடாது.

முதலில் கேளுங்கள். "அத்தா, ரிப்போர்ட்ல வந்ததை முழுசா தெரிஞ்சிக்க விரும்புறீங்களா, இல்ல எங்க பொறுப்புல விட்டுடுறீங்களா?" சிலர் "நீங்க பாத்துக்குங்கப்பா, எனக்கு வேணாம்" என்பார்கள். அது அவருடைய உரிமை. அமானிதத்தை உரியவரே "உன்னிடம் இருக்கட்டும்" என்றால் நாம் வைத்துக்கொள்ளலாம். திணிக்க வேண்டாம். அப்போதும் கடன், அமானிதம், வஸிய்யத் இவற்றை மட்டும் பேசி எழுதி வாங்கிவிடுங்கள். அதற்கு நோய் காரணமாக வேண்டியதில்லை. வஸிய்யத் செய்ய வேண்டியது உள்ள முஸ்லிம் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது கூடாது என்று ஆரோக்கியமாக இருப்பவருக்கே ஹதீஸ் வந்திருக்கிறது.

இந்த நேரத்தில் ஒரு சட்ட விஷயம். "பவர் எழுதி வாங்கிட்டோம் ஹஜ்ரத், பிரச்சினை இல்ல" என்கிறார்கள். பவர் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஹிபா செய்வதற்கும், மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் செய்வதற்கும் தெளிந்த அறிவு நிபந்தனை என்று நம் ஃபிக்ஹும் சொல்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இரண்டு பக்கமும் இடமில்லை. நினைவு தடுமாறிய தகப்பனாரின் பெருவிரலைப் பிடித்து மைதடவி வைக்கும் பிள்ளைகளைப் பற்றி நான் தனியாக ஒரு ஜும்ஆ பேச வேண்டியிருக்கும்.

மருத்துவரிடம் காட்டாமல் நாமே "டிமென்ஷியா" என்று பெயர் வைத்துவிடவும் கூடாது. பி12 சத்துக்குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும். அவற்றில் பல சரிசெய்யக் கூடியவை. டிமென்ஷியாதான் என்றால், இன்றுள்ள மருந்துகள் சிலருக்குச் சில காலம் உதவும். முழுக் குணத்தை யாராவது விலை பேசினால் நம்பாதீர்கள். முதியோருக்கான அரசு உதவி எண் 14567 இருக்கிறது. அல்சைமர் நோயாளிகளின் குடும்பங்களுக்காக 1992இலிருந்து ஏஆர்டிஎஸ்ஐ என்ற அமைப்பு நம் நாட்டில் இயங்குகிறது. கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் வேண்டாம்.

இன்னொரு கேள்வியை எப்போதும் கேட்பார்கள். நோய் முற்றிய பிறகும் எல்லா உண்மையையும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா? இல்லை. பத்து வருடம் முன் மவ்த்தான கணவரை "எங்க, இன்னும் கடையிலேர்ந்து வரலையா?" என்று ஒரு உம்மா கேட்கிறார்கள். "அத்தா மவ்த்தாகிட்டாங்க" என்று சொன்னால், இப்போதுதான் கேட்பதுபோல் கதறுகிறார்கள். அரைமணி நேரத்தில் மறந்து மறுபடி கேட்கிறார்கள். ஒரே மனைவியைத் தினமும் நாலு முறை விதவையாக்குவதில் என்ன நன்மை இருக்கிறது? அங்கே உம்மு ஸுலைமின் வழி இருக்கிறது. "அத்தாவைத் தேடுதா உம்மா? அத்தாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று பேச்சை அவர்கள் மனசு போகும் பக்கம் கொண்டுபோங்கள். பொய்யும் இல்லை, காயமும் இல்லை. செய்தியைத் தாங்கி அதைக் கொண்டு எதையாவது செய்ய முடிந்தவரிடம் மறைப்பதுதான் அநியாயம். அதைப் பிடித்து வைக்கவே முடியாதவர் மீது திரும்பத் திரும்பப் போடுவது இன்னோர் அநியாயம்.

தொழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்தில் ஒருவர் எடுத்துச் சொல்ல, நோயாளி ரக்அத்தையும் ஸஜ்தாவையும் நிறைவேற்றினால் அது போதுமாக வேண்டும் என்ற கருத்தை துர்ருல் முக்தாரில் பார்க்கலாம். ஆகவே ஸஃப்பில் ஒரு பெரியவர் கூடுதலாக ருகூஃ போனால் முறைக்காதீர்கள். பிள்ளைகள் சிரித்தால் அந்த இடத்திலேயே கண்டியுங்கள்.

அந்த அண்ணன் தம்பியிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. என் எட்டு வருடத்துக் கதையை மட்டும் சொன்னேன். பதினொரு பவுனைப் பற்றிச் சொன்னதும் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரம் அவர்களுடைய தங்கச்சி மாமியார் வீட்டிலிருந்து வந்து, சுப்ஹுக்குப் பின் டீ கொடுத்துவிட்டு, அத்தாவிடம் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

அத்தா கோபப்பட்டார். மகளிடம் அல்ல, மகன்களிடம். "இத்தனை நாளா என்னை முட்டாளாக்கி வெச்சிருந்தீங்களாடா?" இரண்டு நாள் அவர்களோடு பேசவில்லை. சாப்பாடும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர்கள் பயந்தது நடக்காமல் இல்லை. மூன்றாம் நாள் கடையின் கடன் நோட்டைக் கேட்டு வாங்கினார். மகனை உட்கார வைத்துக்கொண்டு யாருக்கு எவ்வளவு, யாரிடமிருந்து எவ்வளவு என்று சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். ஒரு வருட ஸகாத் விட்டுப்போனதைச் சொன்னார். பிறகு வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, "உங்க மாமிக்கு வீட்டுல பங்கு குடுக்கல" என்றார்.

மகன்களுக்கு அது தெரியாது. தகப்பனார் மவ்த்தானபோது தங்கையிடம் "வீட்டை நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். 22 வருடம். அந்தத் தங்கை பெருநாளைக்கு வருவதை நிறுத்தியதற்குக் காரணம் என்னவென்று அந்த வீட்டில் யாரும் கேட்டதுகூட இல்லை. ஒருவருக்கு அநீதி செய்தவர், தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருவதற்குள் இன்றே அதிலிருந்து விடுதலை பெற்றுக்கொள்ளட்டும் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸை அவருக்கு யாரும் ஓதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மகன்களோடு காரில் தங்கை ஊருக்குப் போனார். போகும் வழியில் இரண்டு முறை "எங்கடா போறோம்?" என்று கேட்டாராம். சின்னவர் நோட்டைப் பிரித்து, அவர் சொல்லி எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டியிருக்கிறார். தங்கை வீட்டு வாசலில் இறங்கியதும் யாரும் எதையும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஸஅது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள், ஆசிரியர் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதுபோல் தம் பிள்ளைகளுக்கு ஒரு துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள். தள்ளாத வயதுக்குத் தள்ளப்படுவதை விட்டும் பாதுகாவல் தேடும் துஆ அது. நபி (ஸல்) அவர்கள் கேட்டுவந்தது. அதை நம் பிள்ளைகளுக்கு இந்த வாரமே மனனம் செய்யக் கொடுப்போம்.

யா அல்லாஹ்! நினைவு தளர்ந்த எங்கள் பெற்றோருக்கு நீ கிருபை செய்வாயாக! அவர்கள் மறந்ததை நீ மறக்கமாட்டாய். அவர்களிடம் உள்ளதைச் சொல்லும் தைரியத்தையும், அதை நல்ல முறையில் சொல்லும் நாவையும் எங்களுக்குத் தருவாயாக! அந்தப் பெண்ணின் ஆறு பவுனுக்கு உன் கஜானாவிலிருந்து ஈடு செய்வாயாக! ஆமீன்.